தோலுக்கு முதலில் மருந்தா, வைரஸுக்கா, இரண்டுக்கும் சேர்த்தா? ஹெபடைடிஸ் சி உள்ளவர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஹெபடைடிஸ் சி இருப்பது தெரியவந்தவர்களில் பலர் கல்லீரலைப் பற்றிக் கேட்பதற்கு முன் தோலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதில் வியப்பில்லை. இந்த வைரஸ் கல்லீரலில் இருபது ஆண்டுகள்கூடச் சத்தமில்லாமல் குடியிருக்கும். தோல் அப்படிப் பொறுமை காக்காது. இரவில் அரிக்கும், காலில் செம்புள்ளிகள் கிளம்பும், வாய்க்குள் எரியும், புறங்கையில் கொப்புளம் கட்டும். தோல் மருத்துவரிடம் போனால் "முதலில் இதை அடக்குவோம், கல்லீரலைப் பிறகு பார்க்கலாம்" என்கிறார். கல்லீரல் மருத்துவரோ "வைரஸை விரட்டினால் தோல் தானாகச் சரியாகிவிடும்" என்கிறார். இரண்டு மருந்துச் சீட்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு எதை முதலில் வாங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைய மருந்துகளை வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவர்களுக்கு வைரஸ் சிகிச்சையைத் தள்ளிப்போட எந்தக் காரணமும் இல்லை. ஆனால் தோலில் இருப்பது என்ன நோய் என்று பெயர் தெரியாமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஹெபடைடிஸ் சி இருக்கிறது என்பதற்காக உடம்பில் வரும் ஒவ்வொரு அரிப்புக்கும் அதுவே காரணம் ஆகிவிடாது.

## "முதலில் தோல்" என்ற அறிவுரை எங்கிருந்து வந்தது

இந்த வைரஸ் 1989இல்தான் அடையாளம் காணப்பட்டது. இந்த வைரஸைக் கண்டறிந்ததற்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் கையில் இருந்த மருந்து இன்டர்ஃபெரான் ஊசி. அதோடு ரிபாவிரின் மாத்திரையும் சேர்த்து 24 வாரமோ 48 வாரமோ எடுக்க வேண்டும். இன்டர்ஃபெரான் உடலின் எதிர்ப்பாற்றலை முடுக்கிவிடும் மருந்து. அதனால் சொரியாசிஸ் உள்ளவர்களுக்குத் தோல் மேலும் செதில் செதிலாக உரியும். லைக்கன் பிளானஸ் என்ற நமைச்சல் நோய் (கீழே விவரிக்கிறேன்) உள்ளவர்களுக்கு வாய்ப்புண் முற்றும். 2011இல் வந்த டெலாப்ரெவிர் மாத்திரையோ, சிலருக்கு உடல் முழுக்கக் கடுமையான தடிப்பை உண்டாக்கியது. அந்தக் காலத்தில் "முதலில் தோலை அமைதிப்படுத்துவோம்" என்று சொன்ன மருத்துவர் சரியாகத்தான் சொன்னார்.

2013 இறுதியில் சோஃபோஸ்புவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை வந்ததும் நிலைமை தலைகீழாக மாறியது. அமெரிக்காவில் 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர் என்று விலை வைத்தார்கள். 2014இல் ஏழு இந்திய நிறுவனங்களுக்கு அதைத் தயாரிக்கும் உரிமம் கொடுக்கப்பட, இங்கே விலை பல மடங்கு இறங்கியது. 2018 ஜூலை 28 அன்று மத்திய அரசு தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் கீழ் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கல்லீரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ், இல்லாதவர்களுக்கு சோஃபோஸ்புவிரும் டக்ளடாஸ்விரும் நாளுக்கு ஒரு வேளை, 12 வாரம். சிரோசிஸ் தொடங்கியிருந்தால் டக்ளடாஸ்விருக்குப் பதில் வெல்படாஸ்விர். நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேர் வரை இதில் முழுக்கக் குணமடைகிறார்கள். இந்த மாத்திரைகள் சொரியாசிஸைப் பொதுவாகக் கிளப்பிவிடுவதில்லை. பழைய அறிவுரைக்கு இருந்த காரணம் போய்விட்டது, அறிவுரை மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

## எதையெல்லாம் வைத்து முடிவெடுப்பது

வைரஸ் இப்போது ரத்தத்தில் இருக்கிறதா? ஆன்டிபாடி என்பது வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் புரதம். "ஆன்டிபாடி பாசிட்டிவ்" என்று வந்த அறிக்கை, எப்போதோ ஒரு முறை தொற்று ஏற்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. தொற்றியவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு ஆறு மாதங்களுக்குள் வைரஸ் மருந்தில்லாமலே போய்விடுகிறது. அவர்களுக்கும் ஆன்டிபாடி பாசிட்டிவாகவே இருக்கும். வைரஸின் மரபுப் பொருளையே ரத்தத்தில் தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்து வைரஸ் இருப்பது உறுதியானால்தான் இந்த ஒப்பீட்டுக்கே வேலை.

தோல் நோயின் பெயர் என்ன? இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முழங்காலுக்குக் கீழே மிளகு அளவில் செம்புள்ளிகள் கூட்டமாக வந்தால், ஒரு கண்ணாடி டம்ளரை அவற்றின் மேல் அழுத்திப் பாருங்கள். சாதாரணத் தடிப்பு அழுத்தத்தில் வெளிறிவிடும். இரத்தக் கசிவால் வந்த புள்ளி கண்ணாடிக்குக் கீழேயும் அதே சிவப்பில் நிற்கும். விரலால் தடவினால் லேசாக மேடு தட்டும். நெடுநேரம் நின்று வேலை செய்த நாட்களில் அதிகமாகும். சில நாட்களில் பழுப்புத் தழும்பாக மங்கும், பிறகு அடுத்த கூட்டம் வரும். கறுத்த கால்களில் இந்தச் சிவப்பு எளிதில் கண்ணுக்குப் படாது. கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ தெரியும், அதனால் கொசுக்கடி என்று விட்டுவிடுகிறார்கள். இது கிரையோகுளோபுலின் என்ற புரதத்தால் சிறு ரத்தக் குழாய்கள் அழற்சியடைவதன் அடையாளமாக இருக்கலாம். ஹெபடைடிஸ் சி உள்ளவர்களில் பாதிப் பேர் வரை ரத்தத்தில் இந்தப் புரதம் இருக்கிறது, ஆனால் தொல்லை கொடுப்பது சிறுபான்மையினருக்குத்தான். தொல்லை கொடுக்கும்போது அது தோலோடு நிற்பதில்லை.

புறங்கைத் தோல் வலுவிழந்து, ஒரு சின்ன உரசலுக்கே உரிந்து வந்தால் வேறு கதை. பாத்திரம் தேய்க்கும்போது, பஸ் கம்பியில் இடித்துக்கொள்ளும்போது தோல் கழன்று வரும். வெயில் பட்ட இடங்களில் கொப்புளம் கட்டி, ஆறிய இடத்தில் கடுகு போன்ற வெண்மணிகள் தங்கும். கன்னத்து மேட்டில் முடி வளரும், சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போகும். இது போர்ஃபிரியா கியூட்டேனியா டார்டா. கல்லீரலில் ஒரு நொதி மந்தமாகி, போர்ஃபிரின் என்ற பொருள் தோலில் சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் எரிக்கிறது. மதுவும், உடலில் சேர்ந்த மிகுதியான இரும்புச்சத்தும், ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும், ஹெபடைடிஸ் சியும் இதைத் தூண்டுகின்றன.

மணிக்கட்டிலும் கணுக்காலிலும் ஊதா நிறத்தில் தட்டையான, பளபளக்கும், நமைச்சலெடுக்கும் பருக்கள் வந்தால் அது லைக்கன் பிளானஸ். கன்னத்தின் உட்புறம் வெள்ளைப் பின்னல்வேலை போன்ற கோடுகள் தெரியும். காரம் பட்டால் எரியும். ஜப்பானிலும் இத்தாலியிலும் இதற்கும் ஹெபடைடிஸ் சிக்கும் தொடர்பு வலுவாகவே காணப்பட்டிருக்கிறது. பிரிட்டனில் அப்படி இல்லை. இந்திய ஆய்வுகளிலும் பெரும்பாலும் தொடர்பு பலவீனமாகத்தான் இருக்கிறது. நம் ஊரில் இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால், தற்செயலாகச் சேர்ந்தவையாகவும் இருக்கலாம்.

பாதத்தின் மேற்புறத்தில் கறுத்துத் தடித்த, ஓரங்கள் தெளிவாக வரையறுத்த படைகள் வந்தால் நெக்ரோலிட்டிக் ஏக்ரல் எரித்தீமா என்ற அரிய நோயை நினைக்க வேண்டும். 1996இல் எகிப்தில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அங்கே நத்தைக் காய்ச்சலுக்கு ஊர் ஊராக ஊசி போட்டபோது, சரியாகக் கிருமி நீக்காத ஊசிகளால் ஹெபடைடிஸ் சி நாடெங்கும் பரவியது. அந்தத் துயரத்தின் தோல் அடையாளங்களில் இதுவும் ஒன்று. இங்கே இதைச் சொரியாசிஸ் என்று நினைத்து வருடக்கணக்கில் களிம்பு தடவுகிறார்கள்.

இவை எதுவுமே இல்லாமல் வெறும் அரிப்பு மட்டும் இருந்தால், வைரஸைக் குற்றம் சொல்வதற்கு முன் சிரங்கையும் படர்தாமரையையும் பாருங்கள். வீட்டில் இன்னும் இருவருக்கு இரவில் அரித்தால் அது பெரும்பாலும் சிரங்கு. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குச் சிறுநீரகச் செயலிழப்பே அரிப்பைத் தரும்.

சிறுநீரகமும் நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா? சிறுநீரில் புரதமோ ரத்தமோ போகிறதா, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் ரத்த அளவு) ஏறியிருக்கிறதா, ரத்த அழுத்தம் புதிதாகக் கூடியிருக்கிறதா, பாதம் மரத்துப்போகிறதா, செருப்பு காலிலிருந்து நழுவுகிறதா? இதற்கான விடை மற்ற எல்லாக் கணக்கையும் மாற்றிவிடும்.

கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது? சிரோசிஸ் இருக்கிறதா என்பதைப் பொறுத்து வைரஸ் மருந்தும் மாறும், தோலுக்குக் கொடுக்கக்கூடிய மருந்தும் மாறும்.

வேறு என்ன மருந்துகள் ஓடுகின்றன, கர்ப்பம் இருக்கிறதா? பணம், அலைச்சல், வேலைக்கு விடுப்பு ஆகியவற்றையும் இந்தப் பட்டியலில்தான் சேர்க்கிறேன். பாதியில் நின்றுபோகும் சிகிச்சை நல்ல சிகிச்சை ஆகாது.

## வழி ஒன்று: முதலில் தோல், வைரஸ் பிறகு

இந்த வழியின் ஈர்ப்பு புரியக்கூடியதே. அரிப்பு இன்றைக்கு இருக்கிறது. களிம்பு தடவினால் இரண்டே நாளில் தெரியும். தோல் மருத்துவர் பக்கத்திலேயே இருக்கிறார், கல்லீரல் மருத்துவமனை வெளியூரில் இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவுகள்தான் இதில் அதிகம். முதலாவது, மாத்திரையாகக் கொடுக்கும் ஸ்டீராய்டு. காலில் வந்த செம்புள்ளிகளுக்கு ஒரு வாரம் பிரெட்னிசலோன் கொடுத்தால் புள்ளிகள் மறையும், நோயாளியும் மகிழ்வார். கிரையோகுளோபுலின் புரதத்தை உற்பத்தி செய்யத் தூண்டும் வைரஸ் அப்படியே இருப்பதால் மாத்திரையை நிறுத்தியதும் புள்ளிகள் திரும்பும். அதற்குள் சிறுநீரகம் என்ன ஆகிறது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சிறுநீர்ப் பரிசோதனை செய்யாமல் காலிலுள்ள செம்புள்ளிக்கு ஸ்டீராய்டு மாத்திரை வாங்காதீர்கள். அந்தச் சோதனை மலிவானது, எந்த ஊரிலும் கிடைக்கும்.

இரண்டாவது, கல்லீரலைத் தாக்கும் தோல் மருந்துகள். சொரியாசிஸுக்கும் கடுமையான லைக்கன் பிளானஸுக்கும் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் ஹெபடைடிஸ் சி உள்ளவருக்கு ஆபத்தானது. சொரியாசிஸுக்கான அசிட்ரெட்டினும் கல்லீரல் சோதனையில்லாமல் கொடுக்கக்கூடியதல்ல. நாட்டு மருந்துக் கடையில் வெண்புள்ளிக்கும் சொறிக்கும் கொடுக்கும் கார்போகரிசி உள்ளுக்குச் சாப்பிட்டவர்களில் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. சித்த மருத்துவரிடம் போகிறவர்கள் ஹெபடைடிஸ் சி இருப்பதை அவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் மருந்தை மாற்றுவார்.

மூன்றாவது, மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் கூட்டுக் களிம்புகள். குளோபெட்டசால் என்ற வலுவான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றையும் ஒரே குழாயில் அடைத்து விற்கிறார்கள். எதைத் தடவினாலும் முதல் வாரம் அடங்கும். நோயின் உருவம் சிதைந்துபோவதால் பிறகு தோல் மருத்துவருக்கே அடையாளம் தெரியாது, தோலைச் சிறிது எடுத்துச் சோதிக்க வேண்டிவரும்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த வழி சரியாக இருக்கும் இடங்கள் உண்டு. ஆர்.என்.ஏ. நெகட்டிவாக இருந்தால் வைரஸ் சிகிச்சைக்கு இடமே இல்லை, தோலைத் தோலாகவே பார்க்கலாம். சிரங்கு, படர்தாமரை போன்றவற்றை முடித்துவிட்டுப் போவது நல்லது. சில இடங்களில் மட்டும் உள்ள லைக்கன் பிளானஸுக்கு மருத்துவர் சொன்ன ஸ்டீராய்டு களிம்பும், வாயில் தடவும் டிரையம்சினலோன் பசையும் போதும். அவை கல்லீரலைத் தொடாது. வாய்ப் பசையை நீண்ட நாள் தடவினால் வெண்படலமாகப் பூஞ்சை வரலாம், அவ்வளவுதான்.

கர்ப்பிணிகளுக்கும் இதுவே வழி. வைரஸ் மாத்திரைகளைப் பொதுவாகப் பிரசவத்துக்குப் பிறகே தொடங்குகிறார்கள். ஆனால் கர்ப்பத்தின் பிற்பகுதியில் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் தாங்கமுடியாமல் அரித்தால், "வயிறு பெரிதாகும்போது அரிக்கத்தான் செய்யும்" என்று மாமியாரோ பக்கத்து வீட்டு அக்காவோ சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். பித்தநீர் தேங்குவதால் வரும் அரிப்பாக அது இருக்கலாம். ஹெபடைடிஸ் சி உள்ள கர்ப்பிணிகளிடம் அது அதிகம் காணப்படுகிறது. குழந்தைக்கும் ஆபத்து உண்டு. பித்த அமில அளவைப் பார்க்கச் சொல்லி மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

## வழி இரண்டு: முதலில் வைரஸ், தோல் தானாக அடங்கட்டும்

லேசான செம்புள்ளிகள், மூட்டுவலி, சோர்வு, சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை என்றால் இதுவே முதல் தேர்வு. வைரஸ் போகப் போக பெரும்பாலானவர்களுக்குப் புள்ளிகள் மறைந்துவிடுகின்றன. ஸ்டீராய்டு தேவைப்படுவதில்லை. காரணமே தெரியாத நாள்பட்ட அரிப்புக்கும், பாதத்து நெக்ரோலிட்டிக் ஏக்ரல் எரித்தீமாவுக்கும் இதே வழி. பின்னதற்குத் துத்தநாகச் சத்து மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், அது தனியாகவே நன்றாகக் கேட்கும். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கும் வைரஸை முதலில் முடித்துவிடுவது எதிர்காலத்துக்கு நல்லது. மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளைப் பற்றிப் பிறகாவது நிதானமாக யோசிக்கலாம். அதுவரை களிம்பும் புற ஊதா ஒளிச் சிகிச்சையும் கைகொடுக்கும்.

இந்த வழியின் மறைசெலவு காத்திருப்பு. மாத்திரை 12 வாரம். வைரஸ் போனதா என்று உறுதிசெய்யும் சோதனை மாத்திரை முடிந்து மேலும் 12 வாரம் கழித்து. தோல் அதற்கு முன்பே தெளியலாம், பின்னாலும் தெளியலாம். வாய்க்குள் உள்ள லைக்கன் பிளானஸ் வைரஸ் போன பிறகும் சிலருக்குத் தொடர்கிறது. "வைரஸ் போனால் எல்லாம் போய்விடும்" என்று வாக்குக் கொடுக்கப்பட்டவர்கள், மூன்றாம் மாதமும் எரிச்சல் போகாதபோது மாத்திரையையே சந்தேகிக்கத் தொடங்குகிறார்கள். சிலர் நிறுத்தியும்விடுகிறார்கள். தோலுக்கு எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மருந்து இலவசம் என்றாலும் மாதந்தோறும் மருந்து வாங்கப் போகும் பஸ் கட்டணமும் அன்றைய கூலி இழப்பும் இலவசமல்ல. தினக்கூலிக்காரர்களுக்கு அது பெரிய கணக்கு. அடுத்த மாத மருந்துக்கு எந்தத் தேதியில் வரவேண்டும், உடன் இருப்பவர் வந்து வாங்கலாமா என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொண்டால் இடையில் வேளை தவறாது.

தொடங்குவதற்கு முன் ஹெபடைடிஸ் பி சோதனை கட்டாயம். சி வைரஸ் வெளியேறும்போது உறங்கிக்கிடக்கும் பி வைரஸ் எழுந்துகொள்ளலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் எச்சரித்தது. அரசுத் திட்டத்தில் சேர்பவர்கள் இந்தச் சோதனை ஆயிற்றா என்று சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிரோசிஸ் முற்றி வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு வெல்படாஸ்விர் மாத்திரையோடு ரிபாவிரினும் சேர்க்கப்படலாம். ரிபாவிரின் தானே அரிப்பையும் தடிப்பையும் ரத்தசோகையையும் தரும். புதிதாக வந்த அரிப்பை நோய் முற்றிய அறிகுறி என்று அவர்கள் பயப்பட வேண்டாம், மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார். அந்த மருந்து கருவைக் கடுமையாகப் பாதிக்கும். கணவன் எடுத்தால் முடித்த பிறகும் ஆறு மாதம், மனைவி எடுத்தால் ஒன்பது மாதம் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும்.

இந்த வழி கூடாத முக்கியமான இடம் ஒன்று உண்டு: சிறுநீரகம், நரம்பு, குடல் ஆகியவற்றில் ரத்தக் குழாய் அழற்சி கடுமையாகிவிட்டவர்கள். வைரஸ் மெல்ல இறங்கட்டும் என்று காத்திருக்க அவர்களுக்கு நேரமில்லை.

## வழி மூன்று: இரண்டும் ஒரே நேரத்தில்

அலைச்சல் அதிகம், கவனம் அதிகம் தேவை. ஆனால் யாருக்கு இது வேண்டுமோ அவர்களுக்கு வேறு வழியில்லை.

கிரையோகுளோபுலின் அழற்சி கடுமையாக இருப்பவர்கள் முதல் வரிசை. காலில் ஆறாத புண், வேகமாக ஏறும் கிரியேட்டினின், பாதம் தூக்க முடியாத நிலை இருந்தால் வைரஸ் மாத்திரையோடு எதிர்ப்பு அணுக்களைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் ஊசியும், தேவைப்பட்டால் சில காலம் ஸ்டீராய்டும் சேர்ப்பார்கள். ரிட்டுக்சிமாப் விலை உயர்ந்தது. காப்பீட்டில் அதற்கு இடமுண்டா என்று மருத்துவமனையில் சேரும்போதே கேட்டுவிடுங்கள். பி வைரஸை எழுப்பும் அபாயம் இந்த ஊசிக்கு இன்னும் அதிகம்.

இந்த நோயை உறுதிசெய்யும் ரத்தச் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. பெயரிலேயே உள்ளபடி, கிரையோகுளோபுலின் குளிரில் படியும் புரதம். ரத்தத்தை 37 டிகிரிக்குச் சூடாக்கிய குழாயில் எடுக்க வேண்டும். அதே சூட்டிலேயே உறையவிட்டு சீரத்தைப் பிரிக்க வேண்டும். அதன்பிறகுதான் 4 டிகிரியில் ஒரு வாரம் வரை வைத்துப் பார்ப்பார்கள். குழாயின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு இறங்கும், மறுபடி சூடாக்கினால் கரைந்துவிடும். மாதிரி சேகரிப்பு மையத்தில் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து வேறு ஊருக்கு அனுப்பினால், புரதம் வழியிலேயே படிந்து உறைந்த ரத்தத்தோடு போய்விடும். அறிக்கையில் "இல்லை" என்று வரும். ஆய்வகத்தில் "சூடாக வைத்து எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். அதற்கு வசதியில்லாத ஊரில், காம்ப்ளிமென்ட் சி4 என்ற ரத்தப் புரதத்தின் அளவு குறைந்திருப்பதும் ருமட்டாய்ட் காரணி பாசிட்டிவாக இருப்பதும் நல்ல துப்பு. ருமட்டாய்ட் காரணியைப் பார்த்துவிட்டு முடக்குவாதம் என்று தீர்மானித்து மெத்தோட்ரெக்ஸேட் தொடங்கிவிடும் அபாயமும் இங்கேதான் இருக்கிறது. மூட்டுவலிக்குப் போகிறவர்கள் ஹெபடைடிஸ் சி அறிக்கையைக் கட்டாயம் காட்டுங்கள்.

போர்ஃபிரியா உள்ளவர்கள் அடுத்த வரிசை. வைரஸ் மாத்திரை மட்டுமே கொடுத்தும் கொப்புளங்கள் நின்றிருக்கின்றன. ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும், கையால் உழைப்பவரால் அவ்வளவு காத்திருக்க முடியாது. ஒரே சமயத்தில் இரும்புச்சத்தைக் குறைப்பது வேகமான வழி. இரத்த தானத்தில் எடுப்பதுபோல் 450 மில்லி அளவுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்து, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்) அளவு மில்லிக்கு 20 நானோகிராமுக்கு அருகில் இறங்கும்வரை தொடர்வார்கள். ஹீமோகுளோபின் ஏற்கெனவே குறைவாக உள்ள பெண்களுக்கும், சிரோசிஸ் முற்றியவர்களுக்கும் இது ஒத்துவராது. அவர்களுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் 100 மில்லிகிராம், வாரத்துக்கு இரண்டே முறை. இந்த அளவு முக்கியம். மூட்டுவாதத்துக்குக் கொடுப்பதுபோல் தினமும் கொடுத்தால் கல்லீரலில் சேர்ந்த போர்ஃபிரின் ஒரேயடியாக வெளியேறி, காய்ச்சலும் கல்லீரல் பாதிப்பும் வரும். மருந்துக் கடையில் "தினமும் ஒன்று" என்று யாராவது மாற்றிச் சொன்னால் கேட்காதீர்கள்.

சன்ஸ்கிரீன் வாங்கும்போதும் கவனம் தேவை. இந்த நோயில் எரிப்பது கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சம். சாதாரணச் சன்ஸ்கிரீன் புற ஊதாக் கதிரைத்தான் தடுக்கும். துத்தநாக ஆக்சைடோ டைட்டானியம் டைஆக்சைடோ கலந்த, பூசினால் வெள்ளையாகத் தெரியும் வகை வேண்டும். முழுக்கைச் சட்டையும் பருத்திக் கையுறையும் அதைவிட மலிவு, அதைவிட நம்பகமானவை. மதுவை அறவே நிறுத்தாமல் இதில் எதுவும் நிலைக்காது.

இரண்டையும் சேர்த்துச் செய்யும்போது பெரிய மறைசெலவு மருந்துக்கும் மருந்துக்கும் இடையிலான மோதல். நம் ஊரில் அடிக்கடி நடக்கக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன். படர்தாமரைக்கு இங்கே தாராளமாக எழுதப்படும் இட்ராகோனசோல், டக்ளடாஸ்விரின் அளவை உடலில் ஏற்றிவிடும். அளவைப் பாதியாக்க வேண்டும், அல்லது களிம்போடு சமாளித்துவிட்டு மாத்திரையைப் பிறகு பார்க்க வேண்டும். ஒவ்வாமைக்கு ஊசியாகவும் மாத்திரையாகவும் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் எதிர்த்திசையில் வேலை செய்யும், டக்ளடாஸ்விரைக் குறைத்துவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபினும் அப்படியே. அரிப்புக்கு மாத்திரை எழுதும்போதெல்லாம் கூடவே எழுதப்படும் வயிற்றெரிச்சல் மாத்திரைகள், ஒமெப்ரசோலும் பான்டோபிரசோலும், வெல்படாஸ்விர் உடலில் சேர்வதைத் தடுக்கும். இதயத் துடிப்புக்கான அமியோடரோன் சாப்பிடுகிறவர் சோஃபோஸ்புவிர் எடுத்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். இரு மருத்துவர்களும் ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்காத நம் ஏற்பாட்டில், இந்த மோதலைத் தடுக்கக்கூடிய ஆள் நோயாளிதான். அந்தச் சுமை நியாயமற்றது என்பதே என் எண்ணம், ஆனாலும் இப்போதைக்கு எல்லாச் சீட்டுகளையும் ஒரே பையில் போட்டு இருவரிடமும் காட்டுங்கள்.

## ஒரே பார்வையில்

| தோலில் இருப்பது | பொருத்தமான வழி | தொடங்கும் முன் பார்க்க வேண்டியது |
|---|---|---|
| லேசான செம்புள்ளிகள், மூட்டுவலி | முதலில் வைரஸ் | சிறுநீரில் புரதம், ரத்தம், சி4 |
| செம்புள்ளிகளோடு புண், சிறுநீரக அல்லது நரம்பு பாதிப்பு | இரண்டும், உடனே, மருத்துவமனையில் | கிரியேட்டினின், ஹெபடைடிஸ் பி |
| போர்ஃபிரியா | இரண்டும் | ஃபெரிட்டின், ஹீமோகுளோபின், சிறுநீர் போர்ஃபிரின் |
| லைக்கன் பிளானஸ், தோலில் மட்டும் | களிம்பும் வைரஸ் மாத்திரையும். எது முந்தினாலும் சரி | வாய்க்குள்ளும் பார்க்கச் சொல்லுங்கள் |
| வாய்ப்புண்ணாக மாறிய லைக்கன் பிளானஸ் | இரண்டும் | ஆறாத புண்ணுக்குத் திசுச் சோதனை |
| பாதத்தில் கறுத்த படை | முதலில் வைரஸ், துத்தநாகத்தோடு | சொரியாசிஸ் இல்லை என்ற உறுதி |
| சொரியாசிஸ் | முதலில் வைரஸ். களிம்பு, ஒளிச் சிகிச்சை | மெத்தோட்ரெக்ஸேட் ஓடுகிறதா |
| சிரங்கு, படர்தாமரை | முதலில் தோல் | வீட்டில் மற்றவர்களுக்கும் உள்ளதா |
| கர்ப்ப கால அரிப்பு | முதலில் தோல்; வைரஸ் பிரசவத்துக்குப் பின் | பித்த அமிலம் |

## வைரஸ் போன பிறகும் தோல் மாறாவிட்டால்

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த ஆர்.என்.ஏ. நெகட்டிவாக வந்தால் நீங்கள் குணமாகிவிட்டீர்கள். அதன் பிறகும் கிரையோகுளோபுலின் சிலருக்கு ரத்தத்தில் நீடிக்கும். தொல்லை இல்லையென்றால் அதற்காக மருந்து வேண்டாம். செம்புள்ளிகள் திரும்பி வந்தால் மட்டும் சும்மா இருக்காதீர்கள். சிறுநீரகத்தை மறுபடி பார்க்க வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் நெறிக்கட்டு, காரணமில்லாத காய்ச்சல், எடை குறைவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்தப் புரதத்தைச் சுரக்கும் அணுக்கள் அரிதாக நிணநீர்ப் புற்றாக மாறுவதுண்டு. பாத நரம்பின் மரப்பு மிக மெதுவாகத்தான் குறையும், முழுக்கப் போகாமலும் இருக்கலாம். வாயில் லைக்கன் பிளானஸ் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை பல் மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள். சிரோசிஸ் வந்துவிட்டவர்களுக்கு, தோல் எவ்வளவு தெளிந்தாலும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்று ஸ்கேன் தொடர வேண்டும்.

அந்தக் கடைசி ஆர்.என்.ஏ. அறிக்கையை இரண்டு நகல் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் ஆன்டிபாடி வாழ்நாள் முழுக்கப் பாசிட்டிவாகவே காட்டும். பல ஆண்டுகள் கழித்து ஒரு சாதாரணப் படைக்கோ அறுவை சிகிச்சைக்கோ போகும்போது, அதைப் பார்த்து உங்களுக்கு இன்னும் ஹெபடைடிஸ் சி இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். அப்போது எடுத்துக் காட்ட அந்தத் தாள் வேண்டும்.